ஈவாரின் ரத்த அட்டை

ராக்ன்ஹில்ட் ஐக்கெலாண்ட் இறந்தபோது, ஆயிரம் குழந்தைகளைக் காப்பாற்றிய உயிர்வேதியியலாளர் என்று நார்வேயின் பெர்கன் நகரப் பத்திரிகைகள் எழுதின. பொய்யில்லை. பாலிலிருந்து வரும் காலக்டோஸ் என்ற சர்க்கரையை மாற்றும் நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தையை, குதிகாலில் எடுத்து ஒரு காகித அட்டையில் காயவைத்த ஒரு சொட்டு ரத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க வழி சொன்னவள் அவள். உடனே பாலை நிறுத்தினால் பிள்ளை தப்பும். இல்லாவிட்டால் மூளை போய்விடும்.

அவளுடைய ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். விருது வாங்கி வந்த நாளில்கூட என்னிடம் கேட்பாள்.

"ஸிஸெல், அந்த அட்டை நனைஞ்சுதானே வந்துச்சு?"

"நனைஞ்சுதான் வந்துச்சு" என்பேன். உறையைப் பிரித்தவள் நான். அட்டை நன்றாகக் காய்ந்திருந்தது. அதைச் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.

ஆய்வின் முதல் குளிர்காலம் அது. சூலுன் தீவிலிருந்து வந்த ஒரு ரத்த அட்டை, அந்தச் சர்க்கரையை மற்றவற்றைவிடப் பத்து மடங்கு காட்டியது. தபாலில் நனைந்து கெட்டிருக்கும் என்று ராக்ன்ஹில்ட் ஒதுக்கிவிட்டாள். வேறு அட்டை கேட்டுக் கடிதம் போட்டோம். வரவில்லை. நாங்களும் மறந்துபோனோம். இரண்டு வருடம் கழித்து, நோயாளிகள் பட்டியலில் அதே பெயர் வந்தது. ஈவார். நடையும் இல்லை, பேச்சும் இல்லை.

அதற்குப் பிறகு சொற்பொழிவின் நடுவே நின்றுவிடுவாள். காலியான பின்வரிசையையே பார்ப்பாள். அசதி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவள் ஓய்வு பெற்ற மறுவாரம் இருவரும் சூலுனுக்குப் படகேறினோம். ஈவாரின் அம்மா மார்கித் எங்களுக்குக் காப்பி கொடுத்தாள். முப்பது வயது ஈவார் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராக்ன்ஹில்ட் கோப்பையைத் தொடாமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

மார்கித் காப்பிக் கெட்டிலைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "உங்க கடுதாசி வந்துச்சு. வந்த மறுநாளே புயல், பத்து நாள் படகு இல்ல. புள்ள வாந்தி எடுத்தான்தான். எல்லாப் புள்ளையும் எடுக்குறதுதானேன்னு நெனச்சேன். மறுபடி அந்தக் கால்ல எதுக்குக் குத்தணும்னு கடுதாசிய அடுப்புல போட்டுட்டேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது."

"தப்பு என்னோடதுதாங்க. உங்களோடது இல்ல" என்றாள் ராக்ன்ஹில்ட்.

"சும்மா இருங்க. முப்பது வருஷமா இதோட படுத்து எந்திரிக்கிறேன். இப்ப வந்து இதையும் என்கிட்டேர்ந்து எடுத்துட்டுப் போகப் பாக்குறீங்களா?"

குரலை உயர்த்தவில்லை. மகனின் வாயைத் துடைத்துவிட்டாள். "கோழிக்குத் தீனி போடணும். அவன்கூடக் கொஞ்ச நேரம் இருங்க" என்று வெளியே போனாள்.

ராக்ன்ஹில்ட் நாற்காலியை அவனருகே நகர்த்திக்கொண்டாள். ஈவார் அவள் கையை எடுத்து, ஒவ்வொரு நகமாகத் தடவிப் பார்க்கத் தொடங்கினான். துறையில் கடைசிப் படகின் சங்கு ஊதியது. நான் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டேன். அவள் தன் கையை அவனிடமிருந்து இழுத்துக்கொள்ளவில்லை.