பங்கர் பள்ளிக்கூடத்துக்கு நகரபிதாவின் வாழ்த்துமடல்

ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடியின் அடித்தளத்தில், போர் வந்தால் ஒளிந்துகொள்வதற்கென்று நோர்வேக்காரர் கட்டிவைத்த அறை ஒன்று இருந்தது. ஒரு சாண் தடிப்பில் இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. போர் எதுவும் வராததால் அதைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். ஷெல்லடிக்குத் தப்பி ஓடிவந்த சனத்துக்கு ஒஸ்லோவிலும் பங்கர்தான் கிடைத்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

2007 கோடையோடு பள்ளிக்கூடம் நல்ல வெளிச்சமான கட்டடத்துக்கு மாறப்போகிறது. தங்கேஸ்வரி டீச்சருக்கு அது சந்தோஷம்தான். ஆனாலும் சோக்குத் தூளும் ஈரச் சப்பாத்தும் கலந்த அந்த மணத்தை விட்டுப்போக மனம் கேட்கவில்லை. எத்தனை பிள்ளைகள் அந்த மணத்துக்குள் இருந்து 'அ'னா எழுதினார்கள்!

"போக முன்னம் ஒரு விழா வைப்பம். நகரபிதாவிட்டை ஒரு வாழ்த்துமடல் எடுப்பம். முத்திரை குத்தினது" என்றார் பள்ளிக்கூடத்தை நடத்தும் சங்கத்தின் தலைவர் அருளானந்தன். முத்திரை என்றால் அவருக்கு உயிர்.

தங்கேஸ்வரியின் மகள் வினோஜா நகர மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தாள். வாழ்த்து சங்கங்களுக்குத்தான், தனி ஆட்களுக்கு இல்லை, பெயரும் போடமாட்டார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். என்ன செய்தோம் என்பதை நாலு வரியில் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அருளானந்தன் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசி நிபந்தனையில்தான் இடி விழுந்தது.

"பத்தாவது, இருபதாவது, இருபத்தஞ்சாவது ஆண்டு விழாவா இருந்தால்தான் குடுப்பினமாம், மாமா."

சங்கம் பதிந்தது 1989இல். எப்படிக் கூட்டினாலும் பதினெட்டுக்கு மேல் வராது. அருளானந்தனின் முகம் தொங்கிப்போனது.

தங்கேஸ்வரி இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி வாயைத் திறந்தாள். "புளோறன்ஸ் அக்காவிலையிருந்து எண்ணினா இருபது வரும், அண்ணை."

1987இல் அந்த அறையின் சாவியை வாங்கி, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து முதல் வகுப்பு நடத்தியவள் புளோறன்ஸ். சங்கம் பதிய முன்பே, கணவருக்கு பேர்கன் நகரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகும்போது சாவியையும் சோக்குப் பெட்டியையும், முதல் நாளிலிருந்து கூட நின்று உதவிய தங்கேஸ்வரியிடம் கொடுத்து, "பிள்ளையளை விட்டிடாதை" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது. ஒவ்வொரு ஆண்டு மலரிலும் அவள் பெயரைப் போடச் சொல்லித் தங்கேஸ்வரி கேட்பாள். "பதிவுக்கு முந்தின கதை எங்களுக்கு என்னத்துக்கு?" என்று அருளானந்தன் தட்டிக்கழிப்பார். மலரில் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். தங்கேஸ்வரி மலரை மூடி வைத்துவிடுவாள்.

இப்போதோ, முத்திரை வேண்டியிருக்கிறது.

"ஓம், ஓம். புளோறன்ஸை நாங்கள் மறக்கேலுமே?" என்றார் அருளானந்தன், வாழ்நாளில் மறக்காதவர் மாதிரி.

வினோஜா எழுதி அனுப்பினாள். நகர மண்டபம் சம்மதித்தது. தங்கேஸ்வரி உடனே பேர்கனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"நான் அங்கை வந்து என்ன செய்ய? என்னை ஆருக்குத் தெரியும்?" என்றாள் புளோறன்ஸ்.

"எனக்குத் தெரியும். வாங்கோ அக்கா."

விழாவன்று பங்கர் நிறைந்து வழிந்தது. தலை முழுக்க நரைத்துப்போன புளோறன்ஸ், கதவோரம் கடைசிக் கதிரையில் போய் இருந்துகொண்டாள். கோட்டும் டையுமாக வந்த அருளானந்தனுக்கு அந்த இருபது ஆண்டுக் கணக்கில் உள்ளுக்குள் இன்னும் ஒரு சந்தேகம்.

"அப்ப டீச்சர், முதல் வகுப்பிலை ஆர் ஆர் படிச்சவை?"

"மூண்டே மூண்டு பிள்ளையள். ஒண்டு உங்கடை மகன் மகேசன்."

அருளானந்தனின் சிரிப்பு நின்றது. மகேசன் இப்போது எங்கோ வடக்கில் பொறியியலாளர். ஆடிக்கொருக்கால் அமாவாசைக்கொருக்கால் தொலைபேசி எடுப்பான்.

"கதவைச் சாத்தினால், ஷெல் விழப்போகுது எண்டு குளறுவான் பாவம். நீங்கள் வேலையாலை வந்த களைப்போடை, வகுப்பு முடியுமட்டும் கதவைக் காலாலை தடுத்துக்கொண்டு நிண்டனீங்கள். மறந்திட்டியளே?"

மறந்துதான் போயிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நகர மண்டபத்திலிருந்து வந்த பெண் வாழ்த்தை வாசிக்க, வினோஜா தமிழில் சொன்னாள்: "1987ஆம் ஆண்டு, ஓர் ஆசிரியையும் மூன்று பிள்ளைகளுமாக இந்த அறையில் தொடங்கிய பள்ளிக்கூடத்தை ஒஸ்லோ நகரம் வாழ்த்துகிறது." பெயர் இல்லை. ஆனால் ஆண்டு இருந்தது, ஆசிரியை இருந்தாள். தங்கேஸ்வரி கதவோரக் கடைசிக் கதிரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"தலைவர் வந்து வாழ்த்துமடலைப் பெற்றுக்கொள்ளவும்" என்றாள் வினோஜா.

முன்வரிசைக் கதிரை வெறுமையாக இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியாக வந்த யாரோ கைவிட்டதில், இரும்புக் கதவு தன் பாரத்தில் மெல்லச் சாத்திக்கொண்டு வந்தது. அருளானந்தன் கதவிடுக்கில் தன் பளபளத்த சப்பாத்தைக் கொடுத்துத் தடுத்துக்கொண்டு நின்றார்.

"புளோறன்ஸ் டீச்சரை வாங்கச் சொல்லு, பிள்ளை" என்றார். "நான் இதிலை நிக்கிறன்."