பெரட்டில் கொடுத்தது

ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், தங்களுக்குத் தெரிந்ததைக் காலைப் பெரட்டில் சொன்னவர்கள் எல்லாரும் அன்று பொழுது சாய்வதற்குள் அதைச் சுத்தமாக மறந்துபோனார்கள். முதலில் மறந்தவர் இயந்திரப் பொறியாளர் ஆர்தர். அன்று செவ்வாய்க்கிழமை, லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

குலை வெட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்ய நிர்வாகம் இரண்டு வருடம் தவணை கொடுத்திருந்தது. அது ஓடாவிட்டால் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிடுவார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் முப்பது குடும்பங்களும் வெளியேற வேண்டும். திட்டத்தின் தலைவி லோகேஸ்வரி. அவளுடைய அண்ணன் சுகுமாறன் அதே லயத்தில் இருந்துகொண்டு குலை வெட்டுபவர். ஆர்தரின் இயந்திரம் காயையும் பழத்தையும் சேர்த்தே வெட்டியது. மரங்களை ஆராயும் டொரீனுக்குப் பழுத்தது எது என்று தெரியும், ஆனால் அவரும் ஆர்தரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இருபது வருடம் வெட்டித் தோள் இறங்கிப்போன சுகுமாறனை இருவருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவர்கள் லட்சணம் அப்படி.

ஆகவே, மண்டோர் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டிலேயே எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, தெரிந்ததைச் சொல்ல வைத்தாள் லோகேஸ்வரி. அங்கேதான் தவறினாள். பெரட்டில் கொடுத்ததைத் தோட்டம் திருப்பித் தருவதில்லை. லயத்தில் பிறந்தவளுக்கு அது தெரியும்; ஆனால் அது உடம்பு உழைப்புக்கு மட்டும்தான் பொருந்தும் என்று நினைத்துவிட்டாள்.

அவர்கள் சொன்னதெல்லாம் இயந்திரத்துக்குப் போய், அது நாளுக்கு நாள் தேறியது. ஆர்தருக்குத் திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. டொரீன் செம்பனையைத் தென்னை என்றார். சுகுமாறன் உதிரிப் பழங்களைப் பார்த்தபடி மத்தியானம் வரை மரத்தடியில் நின்றார்.

“எதை வெட்டணும்னே தெரியல, பாப்பா.”

“வந்துரும்லா, அண்ணே,” என்று பொய் சொன்னாள் லோகேஸ்வரி.

அப்படியும் இயந்திரம் ஓடவில்லை. சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது, கத்தி ஒரு பக்கம் இழுத்தது. இந்த மூவரையும் இணைத்து வைக்கும் வித்தை லோகேஸ்வரி ஒருத்தியிடம்தான் இருந்தது. யாருக்கு எதில் ரோஷம், யார் யாருக்கு விட்டுக்கொடுப்பார், யாருக்கு யார் என்ன முறை வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதையும் பெரட்டில் கொடுத்துவிடப்போவதாக அண்ணனிடம் சொன்னாள்.

“வேணாம்மா, வேற எங்கயாச்சும் போயிருவோம்,” என்று சுகுமாறன் அவள் கையைப் பிடித்தார்.

மறுநாள் பெரட்டில் மண்டோர் அவள் பேரைக் கூப்பிட்டார். ஆர்தரைப் பற்றிச் சொன்னாள், டொரீனைப் பற்றிச் சொன்னாள். அம்மா இறந்த வருடம் தன் தட்டுச் சோற்றில் பாதியை அவளுக்குத் தள்ளிவைத்த அண்ணனைக் கடைசியில் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். இயந்திரம் கிளம்பிப் போய் முதல் மரத்தில் நல்ல பழுத்த குலையாகப் பார்த்து வெட்டியது.

தோட்டம் விற்கப்படவில்லை. இப்போதும் தினமும் காலையில் சுகுமாறன் அவளுக்குச் சூடாகத் தே கலக்கிக் கொண்டுபோய், தான் அவளுடைய அண்ணன் என்று சொல்கிறார். “அப்படிங்களா, உட்காருங்க,” என்று அவள் மரியாதையாக நாற்காலியைக் காட்டுகிறாள். அவரும் உட்கார்ந்துகொள்கிறார்.