நீலத் தொப்பியின் உள்பட்டை

அருங்காட்சியகத்தின் ஆடைப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த அந்த அம்மாவுக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் 'தொடாதேம்மா'. கண்ணாடிப் பெட்டிப் பக்கம் யாராவது விரலை நீட்டினால் போதும், எங்கிருந்துதான் முளைப்பாரோ, முதுகுக்குப் பின்னால் குரல் கேட்கும். ஓய்வு பெற்றபோது அந்தப் பெயரும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

மாடியறையில் அவர் சொந்தமாகச் சேர்த்த முப்பத்தொன்பது பழைய தொப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி அட்டைப்பெட்டியில், விளிம்பு நசுங்காதபடி தலைகீழாக, மெல்லிய காகிதச் சுருள்களுக்கு நடுவே. வாங்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். பொத்தான் ஒன்று உதிர்ந்தாலும் திரும்பத் தைக்க மாட்டார்; ஓர் உறையில் போட்டு அதே பெட்டிக்குள் வைத்துவிடுவார்.

மருமகள் ஒரு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிப்பவள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைப் பூங்காவில் முதல்முறையாகத் தனியாக ஒரு பாட்டு வாசிக்கப்போகிறாள். குளிர்காலம், திறந்தவெளி மேடை.

"அத்தை, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேட்டாத்தானே தெரியும்."

"அந்த நீலத் தொப்பி... ஒரே ஒரு நாளைக்கு."

எழுபது வயதான ஃபெல்ட் தொப்பி அது; கம்பளியை அழுத்திச் செய்தது. குறுகிய விளிம்பு, பக்கவாட்டில் கறுப்பு ரிப்பன். தொடாதேம்மாவுக்கு உயிர். ஆனாலும் மருமகள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இந்தச் சுருட்டை முடிக்கு எங்கே பொருந்தப்போகிறது என்ற தைரியத்தில், "போட்டுப் பாரு" என்றார். நினைத்தபடியே அது உச்சந்தலையில் தவலைக்கு வைத்த டம்ளர் மூடிபோல நின்றது.

"அடடா, பத்தலியே!" என்றார், வருத்தப்படுவதுபோல.

அன்று சாயங்காலமே மருமகளின் அம்மா வந்து இறங்கினார். தையல்கடை வைத்திருப்பவர். கடையில் வாங்கிய எந்த உடுப்பும் அவருக்குப் பாதி தைத்த உடுப்புதான்.

"இதுக்கா இவ்வளவு யோசனை? உள்பட்டையைப் பிரிச்சிட்டுப் பின்னாடி ஒரு சின்ன வெட்டு. ரிப்பன் மறைச்சிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சம்பந்தி. இத்தனை வருஷம் இது இப்படி இருக்குன்னா, யாரும் வெட்டாததாலதான்."

"யாரும் போடாததாலயும்தான்."

"விடுங்க, நான் கம்பளிக் குல்லாவே போட்டுக்கறேன்" என்றாள் மருமகள்.

"நீ சும்மா இரு" என்று இருவரும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

பிறகு தையல்காரச் சம்பந்தி சற்று இறங்கிவந்தார். "வெட்ட வேணாம். தொட்டுப் பாக்கவாவது விடுவீங்களா?"

தொடாதேம்மா வெள்ளைக் கையுறையை நீட்டினார். "அதை மாட்டினா என் விரலுக்குக் கண்ணு தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். உள்பக்கத் தோல் பட்டையை விரல்களால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இதுக்குப் பின்னாடி என்னமோ இருக்கு. இந்தத் தையலும் மெஷின் தையல் இல்ல. யாரோ வீட்டுல அவசரத்துல போட்டது."

தொடாதேம்மா பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தார். உண்மைதான். கோணல்மாணலான கைத்தையல். ஒன்பது வருடமாக இந்தத் தொப்பியை வைத்திருக்கிறார். தோல்தான் தடிப்பு என்று நினைத்திருந்தார். முகம் சுண்டிப்போயிற்று. சம்பந்தி நினைத்திருந்தால் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை குத்தியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

"பிரிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் பிரிக்கிறேன். எங்க பிடிக்கணும், எங்க இழுக்கணும்னு நீங்க சொல்லுங்க."

ஒவ்வொரு தையலாக ஊசிமுனையில் தூக்கி எடுத்தார். தோலுக்குப் பின்னாலிருந்து, நான்காக மடித்த நீளத் துணிப்பட்டை ஒன்று வெளியே வந்தது. ரோஜா நிறக் கோடுபோட்ட துணி. ஒரு நுனியில் பொத்தான் துளை.

"பைஜாமா!" என்றார் சம்பந்தி. "சின்னத் தலைக்காரி ஒருத்தி ஆசைப்பட்டுப் பெரிய தொப்பியா வாங்கிட்டா. பாவம், புருஷன் பைஜாமா போச்சு!"

மூவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொடாதேம்மாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. முகமறியாத அந்தப் பெண் தொப்பியை யாருக்காகவும் பாதுகாக்க நினைக்கவில்லை. காற்றில் பறக்காமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருக்கிறாள். துணிப்பட்டையை ஓர் உறையில் போட்டு, மேலே தேதி எழுதினார்.

இப்போது தொப்பி மருமகள் தலையில் நன்றாகவே இறங்கியது. இன்னும் அரை விரல்கடைதான் பாக்கி.

"போதும் சம்பந்தி, இதுக்கு மேல வேணாம். உங்க பொருள், உங்க மனசு" என்றார் தையல்காரர்.

தொடாதேம்மா தொப்பியை மருமகள் தலையிலிருந்து எடுத்தார். "கெட்டில்ல தண்ணி வைங்க."

ஃபெல்ட் ஆவியில் இளகும் என்பது அவருக்குத் தெரியாததா? செய்ததில்லை, அவ்வளவுதான். ஆவியில் காட்டுவதும், உள்ளேயிருந்து கட்டைவிரல்களால் மெல்ல அழுத்துவதும், மருமகள் தலையில் வைத்துப் பார்ப்பதுமாக ஆறேழு தடவை.

"சூடா இருக்கு அத்தை!"

"ஆடாதே."

ஏழாவது தடவை தொப்பி அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏரியிலிருந்து காற்று பிய்த்து வாங்கியது. கச்சேரியின் முதல் பாதி முழுக்கத் தொடாதேம்மாவின் கண் தொப்பியை விட்டு நகரவில்லை. ரிப்பன் ஆடுகிறதா, தூறல் விழுமா, பக்கத்துக் குழல்காரர் முழங்கை இடித்துவிடுவாரா என்று ஒரே பதைப்பு. பிறகு மருமகள் எழுந்து முன்னால் வந்து, கண்ணை மூடி, வாசிக்கத் தொடங்கினாள். எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை. கூட்டம் கைதட்டியபோது தொடாதேம்மாவும் உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தார்.

சம்பந்தி முழங்கையால் இடித்தார். "தொப்பி பத்திரமா இருக்கு, பாத்தீங்களா?"

"எந்தத் தொப்பி?"

சம்பந்தி சிரித்த சிரிப்பில் முன்வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது.

திரும்பி நடக்கும்போது மாடியறையில் இருக்கும் ஒரு வைக்கோல் தொப்பியைப் பற்றிப் பேச்சு வந்தது. ரிப்பன் இல்லாமல் மொட்டையாக இருக்கிறதே, புதிதாக ஒன்று தைத்தால் என்ன என்றார் சம்பந்தி. தைக்கவே கூடாது என்றார் தொடாதேம்மா. ஏரிக்கரை முழுக்க அதே வழக்கு; இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, நடையை எட்டிப்போடவும் இல்லை.