சூடாகும் வரை நிறுத்தாதே

தண்ணி லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்ததால்தான் அஃப்சருன்னிசா சாவியை எடுத்தாள். கச்சேரி ரோட்டுக்குப் பின்னாலிருந்த அந்தச் சந்தில் அவள் வீட்டுக்காரரின் பழைய கார் நின்றால் சைக்கிள் போவதே பெரும்பாடு. குடத்தோடு நின்ற பெண்கள் முறைத்தார்கள். வீட்டுக்காரர் அப்துல் சமத் குளித்துக்கொண்டிருந்தார். அவளே வண்டியைக் கிளப்பி, ரிவர்ஸில் கொஞ்சம் ஒதுக்கி, அணைத்துவிட்டு, வடைக்குப் பருப்பு அரைக்கப் போனாள். விருந்தாளி வருகிறார்களே!

விருந்தாளி என்றால் மஹதி. மின்சாரக் காருக்குள் பேட்டரிக்குத் துணையாக வைக்க ஒரு சின்ன இஞ்சினைத் தேடும் பெருங்குடி கம்பெனிக்காரி. பிடித்துப்போனால் சமத்துக்கு அங்கேயே வேலை. மற்ற இஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். சமத் காரில் வைத்திருந்ததில் முக்கோணமாக ஒரு துண்டு சுழலும், அவ்வளவுதான். ஓடும்போது பானெட்டில் டீ கிளாஸை வைத்துக் காட்டுவார். ஒரு சொட்டு சிந்தாது. அதெல்லாம் சரி, பெட்ரோலைக் குடிக்கும் குடி இருக்கிறதே, அடேயப்பா! போதாதென்று ஆயிலையும் குடிக்கும். முக்கோணத்தின் முனையில் இருக்கும் சீல் தேய்ந்தால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். நாலு ரம்ஜானாக மனுஷன் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். நேற்றுகூட அவளுக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு சக்களத்தி மாதிரி கீது அது. காயலான் கடைல போட்டாதான் நிம்மதி" என்று கத்திவிட்டாள். அவர் முகம் சுண்டிப்போனது. "நாளைக்கு அந்தம்மா முன்னாடி ஓடலேன்னா நானே போட்டுர்றேன்" என்றார்.

மஹதி வந்தாள். சமத் பானெட்டில் டீயை வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். கர்... கர்... என்று இழுத்ததே தவிர இஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். பெட்ரோல் நாற்றம் வாசல்வரை வந்தது. அப்போதுதான் அஃப்சருன்னிசாவுக்குக் காலையில் வண்டியைக் கிளப்பிய உடனே அணைத்தது நினைவுக்கு வந்தது. சூடாவதற்குள் அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கிவிடும், அப்புறம் பிடிக்காது என்று அவர் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறார். அவருடைய இஞ்சின் புராணத்தை யார் காதில் வாங்கினார்கள்?

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கார் காயலான் கடைக்குப் போய்விடும், வாசல் காலி. சொன்னாலோ, நேற்றுப் போட்ட சண்டைக்கு வேண்டுமென்றே செய்ததாகத்தான் நினைப்பார். டீ ஆறி ஆடை கட்டியது. சமத் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், புதுச்சட்டை வேறு போட்டிருந்தார். அவளுக்குத் தாங்கவில்லை.

"ஏங்க, காலைல லாரிக்கு வழிவுட நான்தான் வண்டிய நவுத்துனேன். ஒடனே ஆஃப் பண்ட்டேன். அல்லா மேல சத்தியமா வேணும்னு பண்ணலீங்க."

சமத் திரும்பி அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு அவர் தோள் இறங்கியது.

"அவ்ளோதானா? சீல்தான் பூட்ச்சுன்னு பயந்துக்கினு கீறேன் நானு!"

பெட்ரோலில் நனைந்திருந்த பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "நீ குந்து அஃப்சரு. ரெண்டாவது கியர்ல போட்டு கிளட்ச அமுக்கிக்கோ. சொல்றப்ப வுடு."

காலையில் முறைத்த பெண்களே தள்ள வந்தார்கள். மஹதி டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். வண்டி உருண்டது. "வுடு!" என்றார். விட்டாள். ஓர் உதறல், ஒரு தும்மல், அப்புறம் ஒரே இரைச்சல். நீலப் புகையில் சந்தே மறைந்தது.

"நிறுத்தாத! சூடாவுற வரைக்கும் நிறுத்தாத!"

சந்தைத் தாண்டி அவள் ஓட்டியதே இல்லை. "யா அல்லா!" என்று கச்சேரி ரோட்டில் ஒடித்துச் சாந்தோம் பக்கம் திருப்பினாள். ஸ்டியரிங் கையில் துளிகூட நடுங்கவில்லை. கண்ணாடியில், புகைக்குள்ளிருந்து சமத் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார். அவருக்குப் பின்னால், டீ கிளாஸை உள்ளங்கையால் மூடிப் பிடித்தபடி மஹதி.