ஒட்டாத சர்க்கரை

நீடாமங்கலத்தில் ரயிலைவிட்டு இறங்கிய மதிவாணன் வீட்டுக்குப் போகவில்லை. மடித்த ரிப்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். மூன்று வயது மகள் பூமிகாவுக்கு ஓயாத வயிற்றுப்போக்கும் ஈரல் வீக்கமும் எதனால் என்று ஒன்றரை வருஷமாக யாருக்கும் பிடிபடவில்லை. இன்று காலை தஞ்சாவூர் டாக்டரம்மா விளக்கிவிட்டார். உடம்பின் ஒவ்வொரு செல்லும் தான் செய்கிற புரதத்தின்மேல் சின்னச் சின்னச் சர்க்கரைத் துண்டுகளைக் கோத்து ஒட்டுமாம். ஒட்டினால்தான் புரதம் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். பூமிகாவுக்கு அந்தச் சர்க்கரையில் ஒரு வகை உள்ளேயே சரியாகத் தயாராவதில்லை. அதைப் பொடியாக வரவழைத்துத் தினமும் கரைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவாள், பொடி வர மூன்று வாரமாகும், அதுவரை பிள்ளையைப் பசியோடு விடக்கூடாது, விட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவாள், நாளைக்கே அவள் அம்மாவையும் கூட்டி வரவேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் அவனை எழவிடவில்லை. "பழுது பாதி உங்ககிட்டேருந்து, பாதி உங்க மனைவிகிட்டேருந்து வந்திருக்கு. சொந்தத்துல கல்யாணமா?"

கவிப்ரியா அவனுடைய அத்தை மகள். பி.எட். முடித்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்றவளை, காத்திருக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டவன் அவன். அவள் போன் செய்தபோது, "சர்க்கரைல ஏதோ கோளாறாம், வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டான். மீதியை எப்படிச் சொல்வது என்று யோசித்ததில் இரண்டு ரயில்கள் வந்து போயிருந்தன.

மூன்று மணிக்கு அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது பூமிகா பாயில் துவண்டு கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. கூப்பிட்டால் கண் சொருகியது. கவிப்ரியாவின் அப்பாவுக்குச் சர்க்கரை நோயில் கால்விரலை எடுத்திருந்தார்கள். போனில் கேட்டதையும் அதே நோய் என்று எடுத்துக்கொண்ட பயத்தில் அவள் பதினொரு மணிப் பாலை நிறுத்திவிட்டாள். மதியம் சோறும் போடாமல் இரண்டு வாய் கீரை மட்டும் ஊட்டியிருந்தாள்.

மதிவாணன் சர்க்கரையை விரலில் குழைத்துப் பிள்ளையின் கன்னத்து உட்புறம் தேய்த்தான். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தான். கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றியதும் பூமிகா கண்ணைத் திறந்து பால் கேட்டாள்.

கட்டில் ஓரத்தில் நின்றபடி அவன் எல்லாவற்றையும் சொன்னான், பாதிக் கணக்கையும் விடாமல்.

"போன்லயே சொல்லியிருக்கலாமே மாமா."

"என்னாலதான்னு நெனச்சுடுவியோன்னு பயந்துட்டேன்."

நர்ஸ் வந்து விரலில் குத்திப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு கவிப்ரியா, "அடுத்த பிள்ளைக்கும் வருமா?" என்று கேட்டாள்.

"நாலுல ஒண்ணுக்கு வரலாமாம். ஏன் கேக்குற?"

"நாள் தள்ளி நாப்பது நாளாச்சு. ரிப்போர்ட் வரட்டும்னு சொல்லாம வச்சிருந்தேன்."

பூமிகா மேலுதட்டில் பால் நுரையோடு நிமிர்ந்தாள். இன்னும் வேண்டும் என்று காலி டம்ளரை நீட்டினாள், யாரிடம் என்றில்லாமல், இருவருக்கும் நடுவில்.