சிமெண்ட் பூசாத பக்கம்

மனைவி இறந்த பிறகு என் வாயில் வருவது ஒரே சொல்தான். சரி. அவளுடைய துணிமணிகளைக் கொடுத்துவிடலாமா என்று அவள் அம்மா கேட்டார். சரி. தையல் மெஷினை எடுத்துக்கொள்ளட்டுமா என்று மச்சினி கேட்டாள். சரி. கொல்லையில் அவள் கட்டிய மீன்குளத்தை மூடிவிடலாம் என்று மாமனார் சொன்னபோதும் அதையேதான் சொன்னேன்.

"தண்ணி பச்சையாப் போச்சு மாப்பிள்ளை. கொசு வேற. அதுவும் இல்லாம..."

மாமா எப்போது வந்தாலும் கொல்லைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

மீன்களை மச்சினி இரண்டு வாளிகளில் எடுத்துப் போனாள்.

"அத்தான், இதுங்களுக்குப் பேர் இருக்கா?"

"இல்ல."

"அக்கா வெச்சிருப்பா. உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டா."

இருக்கலாம்.

மூட வந்தவர், குளத்தைக் கட்டிய அதே மேஸ்திரி. கட்டும்போது அவளுக்கும் அவருக்கும் பெரிய சண்டை. மூன்று பக்கம் சிமெண்ட் பூசி, நாலாவது பக்கத்தை வெறும் மண்ணும் கல்லுமாக விடச் சொன்னாள். தண்ணீர் கசியும், அப்புறம் என் தலைதான் உருளும் என்று அவர் குதித்தார். அவள் மசியவில்லை. ஏன் என்று நான் கேட்டதாக நினைவில்லை.

காலையில் வந்து தண்ணீரை இறைத்துவிட்டு, மண் பக்கத்தில் முதல் கல்லைப் புரட்டிய மேஸ்திரி பின்னுக்குத் தாவினார்.

"பாம்பு! பாம்பு!"

மாமா கடப்பாரையோடு வந்தார். "தள்ளுங்க மாப்பிள்ளை."

ஈரச் சேற்றில் ஒரு முழ நீளத்துக்கு ஒன்று நெளிந்தது. கருநீலம். இரண்டு விலாவிலும் மஞ்சள் கோடு. உடம்பு நெடுக மோதிரம் மோதிரமாக வளையம். எண்ணெய் பூசியது போல் வழவழப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. தலை எது, வால் எது என்று சட்டென்று சொல்ல முடியவில்லை.

எனக்கு அதைத் தெரியும். இப்போது மருந்துக் கிடங்கில் பில் சரிபார்க்கிறேன் என்றாலும் படித்தது விலங்கியல். கல்லூரி ஆய்வகத்தில், ஒரு கண்ணாடிச் சாடிக்குள் இந்தக் காலில்லாத இருவாழ்வி இனம் வெளுத்துச் சுருண்டு கிடக்கும். உயிரோடு பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அடிக்காதீங்க மாமா. பாம்பு இல்ல. தவளை இனம்."

கடப்பாரை பாதியில் நின்றது. "தவளையா? கால் எங்க?"

"இதுக்குக் கால் கிடையாது. ஒண்ணும் செய்யாது."

"மண்புழு டானிக் குடிச்ச மாதிரி இருக்கு, தவளைங்கிறீங்க," என்றார் மேஸ்திரி. "படிச்சவங்க சொன்னா நம்பித்தானே ஆகணும்."

மாமா சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

தகரத்தால் அள்ளி அதை வேலியோரம் விட்டேன்.

"மண்ணைக் கொட்டலாமா சார்?"

"சரி."

ஒன்றிரண்டு கூடை விழுந்திருக்கும். புல்லை முகத்தால் துழாவிக்கொண்டு அது திரும்பி வந்தது. அதே பக்கத்துக்கு. மறுபடி அள்ளி, வேலிக்கு வெளியே வாய்க்காலில் கொண்டுபோய் விட்டேன். ஈரமான இடம், பிழைத்துக்கொள்ளும். ஏன் திரும்பி வந்தது என்று நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது குளத்தில் பாதி மண். மேஸ்திரி மண்வெட்டியில் சாய்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா சொன்ன மாதிரியே ஆயிடுச்சு பாத்தீங்களா?"

"என்ன சொன்னா?"

"இந்தப் பக்கம் ஏம்மா பூச வேண்டாங்கிறீங்கன்னு கேட்டேன். 'ஒரு வாசல் இருக்கட்டும் மேஸ்திரி, யாராவது குடி வருவாங்க'ன்னாங்க. வாடகை யாரு தருவான்னேன். 'மொதல்ல வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்'னாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லியிருப்பாள். நான் ம் கொட்டியிருப்பேன்.

பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய ஒரு வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தாய், கரையோர மண்ணுக்குள் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் இருக்கும்.

"நிறுத்துங்க. மூட வேண்டாம்."

மாமா என்னைப் பார்த்தார். "நீங்கதானே மாப்பிள்ளை சரின்னீங்க?"

"வேண்டாம் மாமா. அது முட்டை வெச்சிருக்கு. அதான் திரும்பி வந்துச்சு."

இறங்கிக் கையால் மண்ணைத் தள்ளினேன். மாமா கடப்பாரையைப் போட்டுவிட்டு எதிரில் முட்டி போட்டார். கல் இருந்த இடத்துக்குக் கீழே சின்னக் குழி. அதற்குள், கண்ணாடி மணிகளை நூலில் கோத்துச் சுருட்டி வைத்தது போல் ஒரு கொத்து. மண் பாரத்தில் பாதி நசுங்கியிருந்தது. மீதியில் ஒன்றுக்குள் மெல்லியதாக ஏதோ புரண்டது.

மாமா தொடவில்லை. "உசிரு இருக்கு," என்றார். பிறகு, "போங்க. போய் அதைக் கூட்டிட்டு வாங்க."

வாய்க்காலுக்கு ஓடினேன். விட்ட இடத்தில் இல்லை. கல் கல்லாகப் புரட்டினேன். மேஸ்திரியும் வந்து தேடினார், "தாயி, வாம்மா, வீட்டை இடிக்கல வாம்மா," என்று சேற்றைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கிடைக்கவில்லை. மாமா ஈரச்சாக்கால் குழியை மூடிவிட்டு, இருட்டும்வரை குளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தினமும் போனில் சாப்பிட்டீங்களா என்றுதான் ஆரம்பிப்பார். இப்போது முதல் கேள்வி மாறிவிட்டது.

"வந்துச்சா?"

"இல்ல மாமா."

"ஒரு மழை பெஞ்சா வரும்."

மழை பெய்தது. முட்டைகள் வெளுத்தன, பூஞ்சை படர்ந்தது, பிறகு எதுவும் மிஞ்சவில்லை. அவரிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

குளத்தில் பாதிக்கு மண், அதன்மேல் மழைத்தண்ணீர். மீன் இல்லை. பூசாத பக்கத்தில் கல்லைத் திரும்ப வைத்து, அடியில் இரண்டு விரல் நுழையும்படி சந்து விட்டிருக்கிறேன். குளத்தை மூடலாமா என்று மறுபடி யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல இப்போது என்னிடம் வேறு சொல் இருக்கிறது.