சார்ஜா மாப்பிள்ளையும் ஷாஹுலின் லினக்ஸும்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. கும்மிடிப்பூண்டி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அமானுல்லா பாய் வீட்டில் அந்த ஆண்டிக்குப் பெயர் ஷாஹுல். பாயின் ஒரே மகன், சிப்காட்டில் ஒரு பைப் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பாவம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தங்கை ஜபீன் அதில் சினிமாப் பாட்டுக் கேட்பாள், உம்மா மெஹர்னிசா ஹஜ்ரத்மார்களின் மார்க்கப் பேச்சு, பயான் கேட்பார். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ரம்ஜான் முடிந்த கையோடு, விண்டோஸ் என்பது அடிமைத்தனம் என்று ஷாஹுலுக்கு ஞானம் பிறந்தது. துடைத்து எடுத்துவிட்டு லினக்ஸை ஏற்றினான்.

அதோடு பாட்டும் போச்சு, பயானும் போச்சு.

"விண்டோஸ்ல அவன் குட்த்ததுதான் உனக்கு," என்று சோறு தின்னும்போதும் பாடம் நடத்தினான் ஷாஹுல். "இதுல எல்லாத்துக்கும் நூறு சாய்ஸ். புடிக்கலயா, தூக்கிப் போட்டுட்டு வேற போட்டுக்கோ. இன்னா ஏதுன்னு ஒருத்தன் உன்னக் கேக்க முடியாது. அதாம்மா சுதந்திரம்."

"எனக்குப் பாட்டு கேக்கணும்ணே," என்றாள் ஜபீன்.

"பாட்டுக்கு மட்டுமே பத்து சாஃப்ட்வேர் கீது."

பத்தையும் போட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

ஓசியில் கொடுத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்பார்களே, அது ஷாஹுலிடம் பலிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து இலவசமாக வந்த உபுண்டு என்கிற லினக்ஸ் சிடிகளை ஊரெல்லாம் கொடுத்துப் பார்த்தான். ஷேர் ஆட்டோக்காரர்கள் கண்ணாடியில் தொங்கவிட்டார்கள். கூட வேலை செய்யும் பூவராகவன் ஆரணிப் பக்கத்தில் இருக்கிற தன் நெல் வயலில் குருவி விரட்டக் கட்டினார். அங்கேயாவது அது ஒழுங்காக வேலை செய்தது.

இந்த நேரத்தில்தான் ஜபீனுக்குச் சார்ஜாவிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை சஹாபுதீன், பூர்வீகம் பழவேற்காடு, சார்ஜாவில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. ஒரே ஒரு போட்டோ வந்தது. அதில் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு யாருடைய காரிலோ சாய்ந்து நின்றான். கார் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

லீவு கம்மி, வந்ததும் நிக்காஹ் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். நிக்காஹ்வில் பெண்ணிடம் சம்மதம் கேட்காமல் முடியாதுதான். ஆனால் பெரியவர்கள் கேட்க வருகிற நேரத்தில் பிரியாணி தம்மில் இருக்கும், வாசலில் ஜனம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மாட்டேன் என்ற பெண்ணை யார் பார்த்திருக்கிறார்கள்? ஜபீனுக்கு இது தெரியும். சிநேகிதி நஜ்மா அப்படித் தலையாட்டியவள்தான். புருஷன் சவுதியில் தம்மாமில், இவள் மாமியார் வீட்டில் இறால் உரித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வயிற்றெரிச்சலைப் பார்த்துப் பார்த்து ஜபீனுக்குப் பயம் பிடித்திருந்தது.

அதனால் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசாம நான் சரின்னு சொல்ல மாட்டேன் வாப்பா."

அமானுல்லா பாய் தாடியைத் தடவினார். மாப்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஜும்மா தொழுகை முடிந்ததும் கம்ப்யூட்டரில் பேசட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

"பஜார்ல பிரவுசிங் சென்டர் கீது, பத்து ரூபாய்க்கு மூஞ்சி பளிச்சுன்னு தெரியும். வாப்பாவக் கூட்டிக்கினு போ," என்றாள் நஜ்மா. ஷாஹுல் குதித்தான். "அத்தினியும் திருட்டு விண்டோஸ்! என் தங்கச்சி மூஞ்சி அதுலயா போவணும்? நம்ம ஊட்டுலயே சுதந்திரமா பேசட்டும்."

வெள்ளிக்கிழமை வந்தது. உம்மா சமோசா பொரித்து வைத்தார். ஜபீன் பெருநாள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்து, கேமராவுக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

"ஒரு நிமிசம்," என்று ஷாஹுல் எதையோ தட்டினான். திரை முழுக்க எழுத்து ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. "கேமராவ ஓட்டற சாஃப்ட்வேரு, டிரைவர்தான் பிரச்சன. இதோ வந்துனே கீது." வந்துகொண்டே இருந்தது, வரவில்லை. சமோசா ஆறியது.

"வேலியில போன ஓணான எட்த்து வேட்டியில வுட்டுக்கினான்," என்று பாய் பல்லைக் கடித்தார்.

கடைசியில் குரல் மட்டும் வந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும்! மச்சான், படத்துக்குக் கஷ்டப்படாதீங்க. என் பக்கமும் கேமரா வேல செய்யாது. நான் லினக்ஸ்தான் வச்சிக்கிறேன்."

சலாமுக்குப் பதில் சொல்லக்கூட மறந்தான் ஷாஹுல். தொலைந்துபோன கூடப்பிறந்தவனைக் கண்டவன்போல் மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "மச்சான்! எது, உபுண்டுவா?"

"சேச்சே, அது இல்ல, ஃபெடோரா லினக்ஸ். ஸ்கிரீனுக்கு கேடிஈ."

"கேடிஈயா? ஐய, அது ஜிகினா மச்சான். ஸ்கிரீன்னா நோம்தான், நீட்டா கீது."

"நோம்ல இன்னா கீது? ஒரு பட்டனத் தேடறதுக்குள்ள உசுரு போவும்!"

பிடித்துக்கொண்டது. எந்தத் திரை அழகு, எந்த மெனு எங்கே இருக்கணும் என்று இரண்டு பேரும் குரலை உயர்த்திச் சண்டை போட்டார்கள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து விண்டோஸைத் திட்டிச் சமாதானமானார்கள். பாய் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். ஜபீன் மட்டும் அந்தக் கருப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த ஆளின் குரல் நல்ல குரல்தான். அதில் அத்தனை ஆசை இருந்தது, அத்தனை கோபம் இருந்தது. அதில் ஒரு துளியும் தன் பக்கம் திரும்பவில்லையே என்று அவளுக்கு நெஞ்சு கசந்தது.

எட்டி மைக்கைப் பிடுங்கினாள்.

"நான் ஜபீன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நிக்காஹ் ஆனா என்னக் கூடக் கூட்டிக்கினு போவீங்களா, இங்கயே வுட்டுட்டுப் போவீங்களா?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அதெல்லாம் எங்க உம்மா பாத்துப்பாங்க," என்றது குரல். "மச்சான்கிட்ட குடுங்களேன், அந்த டிரைவருக்கு ஒரு கமாண்டு ஞாபகம் வந்திச்சு."

ஜபீன் மைக்கைக் கொடுத்தாள். உள்ளே போய் முக்காட்டை எடுத்துவிட்டு ஆறிப்போன சமோசாவைத் தின்றாள்.

சாயங்காலம் சம்மதமா என்று வாப்பா கேட்டார். "எனக்கு வேணாம் வாப்பா," என்றாள்.

"பைத்தியமா உனக்கு?" ஷாஹுல் அலறினான். "எம்மாம் அறிவாளி தெரியுமா? இந்த மாதிரி ஆளு லட்சத்துல ஒருத்தன்!"

"நீதானேண்ணே சொன்ன? புடிக்கலன்னா தூக்கிப் போட்டுட்டு வேற போட்டுக்கலாம், இன்னான்னு ஒருத்தன் கேக்க முடியாதுன்னு. பாட்டு கேக்க பத்து சாய்ஸ் குட்த்த, மாப்ள மட்டும் ஒண்ணே ஒண்ணா?"

"அது கம்ப்யூட்டருக்குச் சொன்னதும்மா," என்று ஷாஹுல் மெல்ல முனகினான். வாப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் காலையில் பழவேற்காட்டுக்குப் போன் போட்டு, பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டார்.

வரன்தான் போனது. சார்ஜாக்காரன் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் அவன் குரல் அந்த வீட்டில் கேட்காமல் இருக்காது. மச்சான் மச்சான் என்று இரண்டும் கொஞ்சிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் கிடந்தன. உம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பொங்கல் லீவுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஷாஹுல் வீடே அதிரக் கத்தினான். "படம் வந்துருச்சு! ரெண்டு பக்கமும் வந்துருச்சு! ஜபீன், ஓடியா!"

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் கையில் இருந்ததோடு எழுந்து வந்து அண்ணனுக்குப் பின்னால் நின்றாள். திரையில் கருப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு முகம். பரவாயில்லை, லட்சணமாகத்தான் இருந்தான். அவனும் இந்தப் பக்கம் உற்றுப் பார்த்தான்.

"மச்சான், பின்னாடி யாரு நிக்கிறது?"

"அதுவா, தங்கச்சி."

"ஓ," என்றான் சஹாபுதீன். "சரி, அந்தப் புது வெர்ஷன் எறக்கிட்டீங்களா?"

ஜபீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துணியால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தவளைப் பார்த்து, இன்னாடி ஆச்சு என்று உம்மா பதறினார்.

"ஒண்ணுமில்ல உம்மா," என்றாள். "அண்ணனுக்கு ஏத்த ஜோடி கெடச்சிருச்சு. ரெண்டு பேருக்கும் டீ போடு."